நாலாவது மேசை

காஜா பெராங், மலாக்கா
26-2-1956

அன்புள்ள சந்திரமதிக்கு,

இது மூன்றாவது கடிதம். முதல் இரண்டுக்கும் நீ பதில் போடவில்லை. உன் அண்ணன் கணேசமூர்த்திதான் ஒரு கார்டு போட்டிருந்தார். நீயும் கோகிலாவும் சிரம்பானில் அவர் வீட்டில் சௌக்கியமாம், நான் கவலைப்பட வேண்டியதில்லையாம். பள்ளிக்கூட வாத்தியார் கையெழுத்து, முத்து முத்தாக இருக்கிறது. விஷயத்தைத்தான் காணோம்.

இங்கே ஊரே அமளிதுமளி. போன திங்கட்கிழமை பண்டா ஹிலிர் திடலில் சுதந்திரத் தேதியைச் சொல்லிவிட்டார்கள். அடுத்த வருஷம் ஆகஸ்ட் 31. ஆபீசுக்கு அரை நாள் மட்டம் போட்டுவிட்டு நானும் போய் வெயிலில் நின்று கத்தினேன், இன்னும் தொண்டை கட்டியிருக்கிறது. பக்கத்து வீட்டுச் சிட்டிக்காரப் பொன்னம்மாவும் வந்திருந்தார். சிட்டிக்காரர்கள் தமிழ் வம்சம்தான் என்றாலும் அவருக்கு என் தமிழ் புரியாது, எனக்கு அவர் மலாய் பாதிதான் புரியும். ஆனால் தினமும் வேலியோரம் நின்று அவர் கேட்கும் கேள்வி மட்டும் நன்றாகப் புரிகிறது. "பினி பிலா பாலிக்?" பெண்சாதி எப்போது திரும்பி வருவாள் என்று. "பெசோக்" என்பேன். ஐம்பது நாளாக நாளை, நாளை என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆபீஸ் பதவி உயர்வுப் பரீட்சை எழுதக் கோலாலம்பூருக்குப் போகிறேன் என்று உன்னிடம் சொல்லிவிட்டு, போய்வர ஆகும் இரண்டு நாளும் இங்கேயே சீட்டு மேசையில் உட்கார்ந்திருந்தேன். அது தப்பு. நூறு தரம் தப்பு. ஆனால் போகும்போது என்னைச் சூதாடி என்றாயே, அதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். சூதாடி என்பவன் கையில் இருப்பதை எல்லாம் ஒரே சீட்டில் வைத்துவிட்டு மேலே பார்ப்பவன். நான் போக்கரைப் பாடமாகப் படிக்கிறேன். மலாக்காவில் நாலு மேசை இருக்கிறது. முடிவெட்டும் கடைக்குப் பின்னால் ஐந்து காசுப் பந்தய மேசை, புங்கா ராயாவில் தையல்காரர் நடராஜன் கடை மாடியில் இருபது காசு மேசை, கிளேபாங் கடற்கரையில் ரப்பர் வியாபாரி நல்லையா பங்களாவில் ஒரு வெள்ளி மேசை. நாலாவது, வெள்ளைக்காரர்கள் கிளப்பில் பத்து வெள்ளி மேசை. நான் முதல் மேசையிலிருந்து தொடங்கியிருக்கிறேன், ஒன்றாம் வகுப்புப் பையன் மாதிரி. ஒரு மேசையில் இருபது முறை தோற்றாலும் தாங்கும் அளவு சேராமல் அடுத்த மேசைக்கு ஏறக்கூடாது. பாதி கரைந்தால் வெட்கப்படாமல் ஒரு மேசை இறங்கிவிட வேண்டும். சம்பளத்தைத் தொடக்கூடாது. இதுதான் சட்டம். ஆடி முடிந்ததும் ஒரு நோட்டில் எழுதுகிறேன். ஜெயித்ததை எழுதுவதில்லை, செய்த பிசகுகளை மட்டும்தான்.

நாலாவது மேசையில் ஒரு வருஷம். செமாபோக்கில் உனக்குப் பிடித்த மாதிரி கிணறு வைத்த வீடு. அதோடு சீட்டுக்கு ஒரு பெரிய கும்பிடு. நம்பு.

உன்
ஜெயபாலன்

*

சிரம்பான்
11-3-1956

கோகிலா அப்பாவுக்குச் சந்திரமதி எழுதுவது.

இங்கு எல்லோரும் சுகம். கோகிலாவை அண்ணன் பள்ளியிலேயே சேர்த்தாகிவிட்டது. முதல் நாள் அழுதாள், இரண்டாம் நாள் பக்கத்துப் பிள்ளையை அழ வைத்தாள்.

உங்கள் மூன்று கடிதங்களையும் படித்தேன். நான் பதில் போடாததற்குக் காரணம் கோபமில்லை. என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நீங்கள் பரீட்சைக்குப் போகவில்லை என்பது எழுதினவர்கள் பெயர்ப் பட்டியல் வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அன்றைக்கு வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றி உள்ளே வந்து ஐந்து நிமிஷத்தில் எனக்குத் தெரியும். நீங்களே சொல்லுவீர்கள் என்று நாலு மாசம் காத்திருந்தேன். தினமும் சோறு போட்டுக்கொண்டு, தினமும் காத்துக்கொண்டு. அந்த நாலு மாசம்தான் என்னை பஸ் ஏற்றியது.

மேசை மேசையாக ஏறுகிறேன் என்கிறீர்கள். அவசரக்காரன் என்றால் ஒரே வாரத்தில் எல்லாம் தொலைந்து புத்தி வந்துவிடும். நீங்கள் பொறுமைசாலி. அதனால்தான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.

பொன்னம்மாவிடம் பெசோக் என்று சொல்ல வேண்டாம். அவர் நல்ல மனுஷி, நிஜமாகவே எதிர்பார்த்துக்கொண்டிருப்பார்.

சந்திரமதி

*

காஜா பெராங்
28-5-1956

அன்புள்ள சந்திரமதிக்கு,

மாரியம்மன் கோயில் திருவிழா முடிந்து தெருவெல்லாம் காய்ந்த பூவாகக் கிடக்கிறது. சிட்டிக்காரர்கள் தாத்தோ சாச்சார் என்று சொல்கிறார்களே, அதுதான். பொன்னம்மா தேங்காய்ப்பாலில் வேகவைத்த நாசி லெமாக் ஒரு தட்டு கொடுத்தனுப்பினார். இரண்டு பேருக்குக் காணும். நான் ஒருவனே சாப்பிட்டேன்.

நான் இரண்டாவது மேசைக்கு ஏறிவிட்டேன்! இங்கே ஆடுவது ஒரு மளிகைக் கடைக்காரர், போஸ்ட்மேன், ஒரு சீனத் தட்டான், தையல்காரர் நடராஜன், நான். ஐந்து காசு மேசையில் எல்லோரும் எல்லாச் சீட்டுக்கும் பணம் போடுவார்கள், பொழுதுபோக வேண்டுமே. அங்கே நல்ல சீட்டு வரும்வரை வாயை மூடிக்கொண்டு இருந்தாலே போதும். இங்கே அப்படி இல்லை. இவர்கள் யோசிக்கிறார்கள். யார் எத்தனை சீட்டு மாற்றுகிறான், எப்போது பந்தயத்தை ஏற்றுகிறான் என்று பார்க்கிறார்கள். முதல் மூன்று வாரம் அடி வாங்கினேன், சட்டப்படி முடிவெட்டும் கடைக்குத் திரும்பினேன். எல்லோரும் சிரித்தார்கள். மறுபடி சேர்த்துக்கொண்டு ஏறினேன். இப்போது நிற்கிறேன்.

நடராஜன் கத்தரிக்கோலை வைத்துவிட்டுச் சொல்கிறார்: "ஜெயபாலா, நீ ஆடல லா, நீ ஆபீஸ் வேல பாக்கற." நான் அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

என் வயசுக்காரர்கள் எல்லாம் ஏதோ ஒன்றில் ஏறிக்கொண்டிருக்கிறார்கள் சந்திரா. வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கப்பல் ஏறுகிறார்கள், நம்மவர்கள் அந்த நாற்காலிகளைத் துடைத்து உட்காருகிறார்கள். எனக்கும் ஒன்றில் நன்றாக வருகிறது என்று முப்பத்தாறு வயசில் தெரிய வந்திருக்கிறது. அது சீட்டாகப் போய்விட்டது. நான் என்ன செய்ய?

ஜெயபாலன்

*

சிரம்பான்
20-6-1956

கோகிலா அப்பாவுக்கு,

கோகிலாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. அப்பாவிடம் காட்டிவிட்டுத்தான் கூரைமேல் எறிவேன் என்று தீப்பெட்டிக்குள் போட்டு வைத்திருக்கிறாள்.

நாற்காலி காலியாகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உங்கள் ஆபீசிலும் காலியாகிறது இல்லையா? செப்டம்பரில் அதே பரீட்சை மறுபடி வருகிறது, அண்ணன் விசாரித்துச் சொன்னார். நேரடியாகவே சொல்கிறேன். பரீட்சையை எழுதுங்கள். பாஸ் பண்ண வேண்டும் என்று கூட நான் கேட்கவில்லை. போய் உட்கார்ந்து எழுதிவிட்டு வாருங்கள். மறுநாளே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன். பழையதைப் பேசமாட்டேன். அண்ணன் முன்னாலேயே சொல்லிவிட்டேன், அவர் சாட்சி.

எனக்கும் இங்கே ஒன்றும் மெத்தை விரித்து வைக்கவில்லை. அண்ணன் தங்கமானவர். அண்ணி தங்கம் இல்லை, பித்தளையும் இல்லை, நடுவில் ஏதோ ஒன்று. அடுப்படியில் எந்தப் பானையை எடுத்தாலும் கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

ஒரு நாள் பரீட்சை. அவ்வளவுதான் கேட்கிறேன்.

சந்திரமதி

*

காஜா பெராங்
14-10-1956

சந்திரமதிக்கு,

பரீட்சை எழுதவில்லை. முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன், பார்த்தாயா. இந்த முறை பொய் சொல்லவில்லை. அதையும் கொஞ்சம் நினைத்துப்பார்.

படிக்காமல் இல்லை. ஆகஸ்ட் முழுக்கப் படித்தேன். கோலாலம்பூர் பஸ்ஸுக்கு டிக்கெட்டும் வாங்கினேன். பரீட்சைக்கு மூன்று நாள் இருக்கும்போது நடராஜன் வந்தார். நல்லையா மேசையில் ஒரு நாற்காலி காலி, ஆயர் குரோ பக்கத்துத் தோட்டத்துத் துரை ஊருக்குப் போய்விட்டான், பரீட்சை நடக்கும் அதே சனிக்கிழமை ஆள் வேண்டும் என்றார். அந்த மேசையில் ஆறு நாற்காலிதான். ஒருவன் செத்தாலோ கப்பல் ஏறினாலோதான் இடம். சனிக்கிழமை போகாவிட்டால் வேறொருவன் உட்கார்ந்துவிடுவான், பிறகு எந்த வருஷமோ. பரீட்சை அடுத்த வருஷமும் வரும் என்று தோன்றியது. போய்விட்டேன்.

ஒரு வெள்ளி மேசை வேறு உலகம் சந்திரா. யாரும் சத்தம் போடுவதில்லை. ஜன்னலுக்கு வெளியே கடல், கிளேபாங் மீன்காரர்கள் வலை காயப்போடுவது தெரியும். நல்லையா நல்ல வெள்ளை வேட்டியில் உட்கார்ந்து எல்லோரையும் நீர், உமக்கு என்று மரியாதையாகப் பேசிக்கொண்டே உரித்துவிடுவார். நான் முதல் நாள் தோற்கவில்லை. ஜெயிக்கவும் இல்லை. அதுவே பெரிசு என்று நடராஜன் சொன்னார்.

திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

ஜெயபாலன்

*

சிரம்பான்
29-10-1956

கோகிலா அப்பாவுக்கு,

தீபாவளிக்கு வர வேண்டாம். பிள்ளைக்குத் துணி எடுத்தாகிவிட்டது. பல்லைக் கூரைமேல் எறிந்துவிட்டாள். நான்தான் எறியச் சொன்னேன்.

நீங்கள் உண்மையைச் சொல்லிவிட்டதற்கு நான் சந்தோஷப்பட வேண்டும் போலிருக்கிறது. முயற்சி செய்து பார்த்தேன், வரவில்லை.

சந்திரமதி

*

காஜா பெராங்
10-2-1957

அன்புள்ள சந்திரமதிக்கு,

மூன்று மாசம் நீயும் எழுதவில்லை, எனக்கும் எழுத முகம் இல்லை. இப்போது ஒரு உதவி கேட்டு எழுதுகிறேன். வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன்.

கிளேபாங்கில் முட்டிக்கொண்டு நிற்கிறேன். இரண்டு முறை இருபது காசு மேசைக்கு இறங்கி மறுபடி ஏறினேன். நல்ல சீட்டு வந்தால் ஜெயிக்கிறேன். கெட்ட சீட்டை நேரத்தோடு கீழே வைக்கவும் தெரிகிறது. ஆனால் போக்கரில் அது பாதிதான். மீதிப் பாதி, கையில் ஒன்றுமே இல்லாதபோது பெரிய சீட்டு இருப்பதாகக் காட்டிப் பந்தயத்தை ஏற்றுவது. மற்றவன் பயந்து சீட்டைப் போட்டுவிட வேண்டும். மற்ற நாலு பேரும் பயப்படுகிறார்கள். நல்லையா மட்டும் பயப்படுவதில்லை. நான் வெத்துச் சீட்டோடு இருக்கும் ஒவ்வொரு முறையும் அவருக்குத் தெரிந்துவிடுகிறது. சிரித்துக்கொண்டே "ஜெயபாலன், உம்மிடம் ஒண்டும் இல்லை" என்று பணத்தைப் போடுகிறார். எப்படி ஐயா என்று கேட்டேன். "நீர்தான் சொல்லுறீர்" என்றார்.

கண்ணாடி முன்னால் உட்கார்ந்து பார்த்தேன். கண், வாய், கை, ஒன்றும் பிடிபடவில்லை.

அப்போதுதான் நீ ஞாபகத்துக்கு வந்தாய். கல்யாணமான புதிசில் தீக்குச்சி பந்தயம் வைத்து ஆடுவோமே. உனக்குச் சீட்டின் பேர் கூடச் சரியாகத் தெரியாது. ஆனால் நான் வெத்தாக மிரட்டிய ஒரு தடவை கூட நீ மசியவில்லை. என் தீக்குச்சி எல்லாம் உன் மடியில் இருக்கும். பரீட்சை விஷயமும் ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிட்டது என்று எழுதியிருந்தாய். அப்படியென்றால் நான் என்னவோ செய்கிறேன். அது உனக்குத் தெரியும்.

என்ன செய்கிறேன் சந்திரா? ஒரு வரி எழுதினால் போதும். நாலாவது மேசைக்கும் எனக்கும் நடுவில் அந்த ஒரு வரிதான் இருக்கிறது.

ஜெயபாலன்

*

சிரம்பான்
3-3-1957

கோகிலா அப்பாவுக்குச் சந்திரமதி எழுதுவது.

ஆமாம், தெரியும். சொல்லமாட்டேன்.

கோபத்தில் சொல்லவில்லை. நிதானமாக ஒரு வாரம் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். உங்கள் வீட்டுக்கு வரும்போது நான் கொண்டுவந்தது இரண்டு டிரங்குப் பெட்டி. வந்த ஆறு மாசத்தில் இதைத் தெரிந்துகொண்டேன். நீங்கள் பொய் சொல்லும்போது எனக்குத் தெரிந்துவிடும். அதை வைத்துக்கொண்டுதான் ஒன்பது வருஷம் குடித்தனம் செய்தேன். எப்போது நம்பலாம், எப்போது கூடாது என்று தெரிந்துகொண்டு வாழ்வது ஒரு நிம்மதி. மற்றப் பெண்களுக்கு அது கூடக் கிடையாது.

சொல்லிவிட்டால் நீங்கள் அதை மறைக்கப் பழகிவிடுவீர்கள். உங்கள் பொறுமைக்கு மூன்று மாசம் போதும். பிறகு நல்லையாவுக்குத் தெரியாது, நடராஜனுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. அப்புறம் எதை நம்பி நான் உங்களோடு ஒரு வீட்டில் இருப்பது? நான் திரும்பி வருவேன் என்ற எண்ணம் இன்னும் விட்டுப்போகவில்லை. அதனால்தான் சொல்லமாட்டேன் என்கிறேன். இது உங்களுக்குப் புரிகிறதா என்று தெரியவில்லை.

அண்ணன் எனக்குத் தையல் மெஷின் ஒன்று வாங்கித் தந்திருக்கிறார். பள்ளிக்கூடச் சட்டைகள் தைக்கிறேன்.

சந்திரமதி

*

காஜா பெராங்
21-7-1957

என் அன்புக்குரிய சந்திரமதிக்கு,

நீ எப்படி இருக்கிறாய்? முதுகு வலி குறைந்திருக்கிறதா? மெஷின் மிதிக்கிறாயே, சாயங்காலம் வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொள்கிறாயா? நேரத்துக்குச் சாப்பிடு. அண்ணி முகத்தைப் பார்த்துக்கொண்டு அரை வயிறாகப் படுக்காதே. நீ அப்படிச் செய்யக்கூடியவள்.

ஒரு நல்ல சேதி. நான் சீட்டை விட்டுவிட்டேன். மே மாசத்திலிருந்து எந்த மேசைக்கும் போகவில்லை. நோட்டைக் கிழித்துப் போட்டாகிவிட்டது. நல்லையாவிடமும் சொல்லிவிட்டேன், அவர் வேறு ஆள் பார்த்துக்கொண்டார். ஏறி ஏறி எங்கே போகப்போகிறோம் என்று ஒரு நாள் தோன்றியது, அவ்வளவுதான். செப்டம்பர் பரீட்சைக்கும் பணம் கட்டியிருக்கிறேன்.

சுதந்திர தினத்துக்கு வா. ஊரே விளக்குத் தோரணம் கட்டுகிறது. கோகிலாவுக்கு இதெல்லாம் வாழ்நாளில் ஒரு முறை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார், உனக்குத் தலை சுற்றும். எலுமிச்சம்பழம் ஒன்று கையில் வைத்துக்கொள்.

என்றும் உன்
ஜெயபாலன்

*

சிரம்பான்
5-8-1957

கோகிலா அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு மூன்று தடவை படித்தேன்.

31ஆம் தேதி காலை பஸ்ஸில் வருகிறோம். பிள்ளை இப்போதே ரிப்பன் எடுத்து வைத்துவிட்டாள். தங்கப்போவதில்லை, சாயங்காலம் திரும்பிவிடுவோம். காகிதத்தில் எதுவும் முடிவு செய்ய எனக்குத் தைரியம் இல்லை. நேரில் பார்த்துக்கொள்வோம்.

நன்றாக இருக்க வேண்டும் என்று மாரியம்மனிடம் நேர்ந்துகொண்டிருக்கிறேன். இதை உங்களிடம் சொல்லக்கூடாது என்று நினைத்தேன், சொல்லிவிட்டேன்.

சந்திரமதி

*

காஜா பெராங்
6-9-1957

என் அன்புக்குரிய சந்திரமதிக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாயா? வழியில் மழை என்றார்கள். நனைந்துவிடவில்லையே?

அன்றைக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தோம்! கோகிலா கொடியை ஆட்டிக்கொண்டு என் தோளில் இருந்ததை ஆபீசில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். பொன்னம்மா உன்னைக் கட்டிப்பிடித்து அழுததும், நீயும் அழுததும்! நாம் மூன்று பேரும் சேர்ந்து சாப்பிட்டோமே, அந்தச் சாப்பாட்டுக் கடையைத் தாண்டித்தான் தினமும் ஆபீஸ் போகிறேன்.

வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொல்லியிருக்கிறேன். உனக்கு எந்த நிறம்? கோகிலாவின் பள்ளிக்கூடத்தில் பேசட்டுமா? வரும் தேதியை மட்டும் எழுது, நானே சிரம்பானுக்கு வந்து பெட்டியைத் தூக்கிக்கொள்கிறேன். நீ எதையும் தூக்க வேண்டாம்.

என்றும் உன்
ஜெயபாலன்

*

சிரம்பான்
15-9-1957

கோகிலா அப்பாவுக்குச் சந்திரமதி எழுதுவது.

இங்கு எல்லோரும் சுகம். நான் வரவில்லை. இனி வரப்போவதும் இல்லை.

பிப்ரவரியில் நீங்கள் ஒன்று கேட்டீர்கள். சொல்லமாட்டேன் என்றேன். இப்போது சொல்லிவிடுகிறேன், எனக்கு இனிமேல் அது தேவைப்படாது.

பொய் சொல்லும்போது நீங்கள் அன்பாகிவிடுகிறீர்கள்.

அவ்வளவுதான். கண்ணாடியில் அது தெரியாது, எதிரில் ஆள் வேண்டும். தீக்குச்சி வைத்து ஆடும்போது நல்ல சீட்டு இருந்தால் என்னை ஏறெடுத்தும் பார்க்கமாட்டீர்கள். வெத்துச் சீட்டு என்றால் "காற்று வருதா சந்திரா, ஜன்னலைத் திறக்கட்டுமா?" என்பீர்கள். என் பக்கம் வெற்றிலைத் தட்டைத் தள்ளி வைப்பீர்கள். பரீட்சைக்குப் போகாமல் வந்த அன்று வாசலில் செருப்பைக் கழற்றியதும் "நீ சாப்பிட்டியா?" என்று கேட்டீர்கள். அதற்கு முன்னால் பல மாசமாக நீங்கள் அதைக் கேட்டதே இல்லை. நல்லையா மேசையிலும் அவருக்கு டீ ஊற்றியிருப்பீர்கள், சாம்பல் கிண்ணத்தை நகர்த்தி வைத்திருப்பீர்கள். யோசித்துப் பாருங்கள்.

ஜூலையில் வந்த கடிதத்தில் முதுகு வலியைப் பற்றி விசாரித்திருந்தீர்கள். அந்த வரியைத்தான் இரண்டு மூன்று தடவை படித்தேன். ஆனால் ஒரு காகிதத்தை வைத்து மனுஷனைத் தள்ளிவிடக்கூடாது, திருந்தியும் இருக்கலாம் என்று நேரில் வந்தேன். சாப்பாட்டுக் கடையில் உங்கள் கைக்குட்டையால் என் நாற்காலியைத் துடைத்தீர்கள். உங்கள் மீனை எடுத்து என் இலையில் வைத்தீர்கள். முள்ளை எல்லாம் எடுத்துவிட்டு. அப்புறம் "மேசைப் பக்கமே போகல சந்திரா, பிள்ளை மேல சத்தியம்" என்றீர்கள். நான் அந்த மீனைச் சாப்பிட்டேன். ரொம்ப ருசியாக இருந்தது.

முன்பு சொல்லமாட்டேன் என்றதற்கு ஒரு காரணம் எழுதினேன். இன்னொன்றும் இருந்தது, அதை எழுதக் கூச்சமாக இருந்தது. சொல்லிவிட்டால் நீங்கள் அப்படிக் கேட்பதையே நிறுத்திவிடுவீர்கள் என்று பயந்தேன். உங்களிடமிருந்து எனக்குக் கிடைத்த அன்பான வார்த்தை அது ஒன்றுதான். பொய் என்று தெரிந்தும் காது கேட்டுக்கொண்டு இருந்தது. ஒரு நாளாவது பின்னால் பொய் எதுவும் இல்லாமல் "சாப்பிட்டியா?" என்று கேட்பீர்கள் என்று ஒன்பது வருஷம் காத்திருந்தேன். கேட்கவில்லை.

கோகிலாவைப் பார்க்க உங்களுக்குத் தடை இல்லை. டிசம்பர் விடுமுறையில் அண்ணன் ஒரு நாள் கூட்டிவருவார்.

மேசையில் இனி உங்களுக்கு நன்றாக வரும் என்று நினைக்கிறேன்.

சந்திரமதி

*

காஜா பெராங்
22-12-1957

சந்திரமதிக்கு,

நீ சொன்னது உண்மை. மே மாசம் நான் நிறுத்தவில்லை. ஒரு சனிக்கிழமை கூட விடவில்லை. சுதந்திர தினத்தன்று உங்களை பஸ் ஏற்றிவிட்டு நேரே கிளேபாங்குக்குத்தான் போனேன். பரீட்சைக்குப் பணமும் கட்டவில்லை.

உன் கடிதம் வந்த வாரம் நல்லையா முன்னால் உட்கார்ந்தேன். கையில் ஒன்றும் இல்லை. என் கை தானாக டீக் கேத்தலுக்குப் போயிற்று. நானே பார்த்தேன். கையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டேன். முதலில் ரொம்பக் கஷ்டம். யாராவது இருமினால் தண்ணீர் வேண்டுமா என்று கேட்க வாய் வந்துவிடும். இரண்டு மாசம் பழகினேன். எந்தச் சீட்டு வந்தாலும் யாரையும் எதுவும் கேட்பதில்லை, யாருக்கும் எதையும் நகர்த்துவதில்லை. நவம்பரில் நல்லையா முதல் முறையாகச் சீட்டைப் போட்டுவிட்டு என்னையே வெகுநேரம் பார்த்தார். "என்ன ஜெயபாலன், உடம்பு சரியில்லையோ?" என்றார். என் கையில் ஒன்றுமே இல்லை சந்திரா.

போன வாரம் நாலாவது மேசையில் உட்கார்ந்தேன். கிளப்பில் இப்போது பாதி நம்மவர்கள். ஜெயித்தேன். உன்னைத் தவிர வேறு யாரிடம் இதைச் சொல்வது என்று தெரியவில்லை, அதனால் எழுதிவிட்டேன். இந்தப் பத்தியை அடித்துவிட்டு மேலே படி.

நேற்று கோகிலா வந்திருந்தாள். உன் அண்ணன் வாசலோடு விட்டுவிட்டுக் கடைத்தெருவுக்குப் போய்விட்டார். பிள்ளை உயரமாகிவிட்டாள். புதுப் பல் பெரிதாக முளைத்திருக்கிறது. பஸ்ஸில் வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. சாப்பிட்டாயா என்று கேட்க வாயெடுத்தேன். உன் கடிதம் ஞாபகத்துக்கு வந்தது. நீ அவளுக்கும் சொல்லியிருப்பாயோ, நான் கேட்டால் பொய் என்று நினைப்பாளோ என்று வாயை மூடிக்கொண்டேன். வேறு எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்றும் தெரியவில்லை. கடையில் பிஸ்கட் வாங்கி வந்து மேசையில் வைத்தேன். எடுத்துக்கொள் என்று சொல்லவில்லை. அவள் எடுக்கவில்லை. அப்படியே இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "அப்பா, என் மேல கோபமா?" என்றாள்.

இல்லை என்றேன். சத்தியமாக இல்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதில் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை போலிருக்கிறது. கூட்டிப்போக வந்திருந்த மாமா கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள்.

கோபம் இல்லை என்று நீயாவது அவளிடம் சொல். நீ சொன்னால் நம்புவாள்.

ஜெயபாலன்